கணிப்பும் மீள்கணிப்பும்

ஒரு கணக்கின் முடிவை எழுதி வைத்தல் வேறு. பின்வருவோர் அக்கணக்கை மீளச் செய்து அம்முடிவையே எய்துமாறு காத்தல் வேறு. இவ்வேறுபாடு தெளிவுற விளங்கிய வரலாற்று நிகழ்ச்சி ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

1961-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானிலை ஆராய்ந்த எட்வர்டு லோரன்ஸ், பன்னிரண்டு சமன்பாடுகள் கொண்ட வளிமண்டல மாதிரி ஒன்றனை எல்.ஜி.பி.-30 என்னும் கணிப்பொறியில் இயக்கிவந்தார். முன்னர்ப் பெற்ற முடிவின் ஒரு பகுதியை விரிவாகக் காண விரும்பி, இடைநிலை எண்களை அச்சிட்ட தாளினின்று எடுத்துப் பொறியில் இட்டார். தொடக்கத்தில் இரு முடிவுகளும் ஒத்தன. பின்னர்ச் சிறிது சிறிதாக விலகி, ஏறத்தாழ இரு திங்களுக்குரிய வானிலைக்குள் ஒற்றுமை முற்றும் அழிந்தது. பொறி பழுதுற்றதென்றே அவர் முதலில் ஐயுற்றார். பழுது பொறியில் இல்லை. அதன் நினைவகத்தில் இருந்த எண் 0.506127, தாளில் அச்சாகியது 0.506.

இதனின்று தோன்றிய ஒழுங்கின்மைக் கோட்பாட்டையும், அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரையையும் பலரும் எடுத்துரைப்பர். யாம் ஈண்டுக் கருதுவது பிறிதொன்று: அச்சிட்ட தாள் கணக்கின் முழுச் சான்று அன்று. லோரன்ஸ் காரணத்தைத் துணிந்தது, அதே பொறியும் நிரலும் அவர் கைவயம் இருந்தமையால் ஆகும். அவை மறைந்தபின் பிறரொருவர் தாளை மட்டும் கொண்டு முயன்றிருப்பின், பிழை யாண்டுளது என்று கூறுதல் அரிதாகும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் துணிவார்க்கு இவ்விடர் புதிதன்று. மூலம் இழந்தவிடத்து வேறுபாட்டைக் காணலாமேயன்றி, அதன் காரணத்தை நாட்டல் எளிதன்று.

எண்களைத் தோராயமாக்கும் முறை பொறிதோறும் வேறுபட்டமை மற்றோர் இடர். 1985-இல் வகுக்கப்பெற்ற ஐ.இ.இ.இ. 754 என்னும் நெறி இவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைத்தது. எனினும், கூட்டும் வரிசை மாறின் கடை இலக்கங்கள் மாறுதல் கூடும். ஆதலின் நெறி ஒன்றே போதாது. நிரல்மொழிகளும் நிலைப்பன அல்ல. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பிற்குரிய ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. அக்காலத்தை ஒட்டியே, பத்தாண்டுக்கு முற்பட்ட தம் நிரல்களைத் தாமே மீள இயக்கிக் காணுமாறு 'ரீசயின்ஸ் சி' என்னும் இதழ் ஆராய்ச்சியாளரை அறைகூவி அழைத்தது. பிரான்சு நாட்டு இன்ரியா நிறுவனம் 2016-இல் வெளிப்படுத்திய 'சாப்ட்வேர் ஹெரிடேஜ்' காப்பகமும் நிரல்களின் மூலவடிவைத் திரட்டிக் காக்க எழுந்ததே.

ஆதலின், முடிவோடு தொடக்க எண்களும் இலக்கம் குறையாமல் வைக்கப்பெறல் வேண்டும். நிரலும், அதன் பதிப்பும், இயக்கிய பொறியின் இயல்பும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும். இவை இல்வழி, அச்சிட்ட முடிவு மெய்யேயாயினும், அதனை மெய்யென நிறுவும் வழி இல்லாதொழியும்.