மண்ணும் வரலாறும்: ஷிராஸ் மதுவின் கதை

ஒரு மதுவின் சுவையை ஆக்குவது அது விளைந்த மண்ணே என்பர் சுவைஞர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், அதுவே முழு உண்மையா?

பிரான்சின் தென்கிழக்கில் பிறந்த ஷிராஸ் திராட்சை 1830களில் அவுஸ்திரேலியாவை அடைந்தது. தென் அவுஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கு வெப்பமானது; அங்கு பழம் நன்கு கனிந்து, கருநிறமும் செறிவும் மிக்க மதுவைத் தருகிறது. அதனருகே உயர்ந்து கிடக்கும் ஈடன் பள்ளத்தாக்கோ குளிர்ந்தது. அங்கு பழம் மெல்லக் கனிவதால் புளிப்புக் குன்றுவதில்லை. மிளகு மணமும் தோன்றுகிறது. மிளகிலுள்ள ரொட்டண்டோன் என்னும் பொருளே அம்மணத்துக்குக் காரணம்; குளிர்ந்த நிலத்துப் பழத்தில் அது மிகுதி.

இவை இயற்கையின் கொடை. ஆனால் கொடியை நட்டவர் யார்? பிரஷ்ய அரசின் மத நெருக்குதலுக்குத் தப்பிச் சைலீசியாவிலிருந்து வந்த உழவர்கள், 1840களில் ஆங்கஸ் என்னும் பெருநிலவுடைமையாளரின் காணியைக் குத்தகைக்குப் பெற்று உழைத்தனர். அக்காணியோ பெரமங்க் முதலிய ஆதிக்குடிகளிடமிருந்து பறிபோன நிலம்.

1877இல் விக்டோரியாவில் பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி காணப்பட்டது. 1899இல் தென் அவுஸ்திரேலியா சட்டமியற்றித் தன் கொடிகளைக் காத்தது. அவ்வாறு காக்கப்பட்ட முதிய கொடிகளை, 1980களில் திராட்சை விலைபோகாதபோது, அரசே பணங்கொடுத்துப் பிடுங்கச் செய்தது. நூறாண்டு நின்ற ஷிராஸ் கொடிகளும் வீழ்ந்தன. மண்ணும் வெயிலும் மாறவில்லை, சந்தையே மாறியது.

எஞ்சிய முதிய கொடிகளின் மது இன்று பெருவிலை பெறுகிறது. அதனை மண்ணின் மகிமை என்று மட்டும் புகழ்வோர், உழைத்த கைகளையும் இழந்த மக்களையும் மறந்துவிடலாகாது.