கேம் ஸ்பீடு, மேப் சைஸ்... ஸ்டார்ட் பட்டனைத் தட்டும் முன் இந்த ரெண்டையும் கவனிங்க மக்களே!

புது கேம் ஆரம்பிக்கும்போது எந்த நாடு, எந்தத் தலைவர் என்று அரை மணி நேரம் யோசிப்போம். அதே திரையில் இருக்கும் 'கேம் ஸ்பீடு', 'மேப் சைஸ்' என்ற இரண்டு ஆப்ஷன்களையும் கண்டுக்காமல் ஸ்டார்ட் பட்டனைத் தட்டிவிடுவோம். ஆனால் உங்கள் ஆட்டம் இன்றைக்கே முடியுமா, அடுத்த மாதம் வரை இழுக்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான். போருக்குப் போவது லாபமா, நஷ்டமா என்பதும் இங்கேதான் பாதி முடிவாகிவிடுகிறது.

மாறி மாறி டேர்ன் எடுத்து ஆடும் ஸ்ட்ராட்டஜி கேம்களில் பலருக்கும் பழக்கமான 'சிவிலைசேஷன் 6'-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2016-ல் கம்ப்யூட்டருக்கு வந்த இந்த கேம், பிறகு ஐபேட், ஐபோன், ஆண்ட்ராய்டு என எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. கீழே இருக்கும் எண்கள் கம்ப்யூட்டர் பதிப்பின் கணக்கு.

ஸ்பீடு என்றால் என்ன?

சிவிலைசேஷன் 6-ல் ஐந்து வேகங்கள் உண்டு.

* ஆன்லைன்: 250 டேர்ன்
* க்விக்: 330 டேர்ன்
* ஸ்டாண்டர்டு: 500 டேர்ன்
* எபிக்: 750 டேர்ன்
* மாரத்தான்: 1500 டேர்ன்

எந்த வேகத்தில் ஆடினாலும் கதை கி.மு. 4000-ல் தொடங்கி கி.பி. 2050 வரைதான். அதே ஆறாயிரம் வருஷத்தை எத்தனை துண்டாக வெட்டுகிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். அதற்கேற்ப செலவும் மாறும். ஸ்டாண்டர்டில் ஒரு வாரியரை உருவாக்க 40 புரொடக்‌ஷன் வேண்டும். ஆன்லைன் வேகத்தில் 20 போதும். மாரத்தானில் 120. கட்டடம், டெக்னாலஜி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு டேர்னுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், 250 டேர்னுக்கு நாலு மணி நேரம் பத்து நிமிஷம். 500 டேர்னுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். 1500 டேர்னுக்கு 25 மணி நேரம். அதுவும் ஆட்டத்தின் பின்பகுதியில் பத்துப் பதினைந்து நகரங்களைக் கட்டி மேய்க்கும்போது ஒரு நிமிஷத்தில் ஒரு டேர்ன் முடியவே முடியாது.

மாறாத ஒரே விஷயம்: நடை

பலரும் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பீடு மாறும்போது செலவு மாறும், ஆனால் வீரர்களின் நடை மாறாது. வாரியர் எந்த வேகத்திலும் ஒரு டேர்னுக்கு இரண்டு கட்டம்தான் நடப்பார். அடி வாங்கினால் குறையும் ஹெல்த்தும், ஓய்வெடுத்தால் ஏறும் ஹெல்த்தும் அப்படியேதான் இருக்கும்.

கிரிக்கெட்டில் டி20-க்கு 20 ஓவர், ஒருநாள் போட்டிக்கு 50 ஓவர், டெஸ்ட்டுக்கு ஐந்து நாள். ஆனால் பிட்ச் எப்போதும் 22 யார்டுதான் இல்லையா? அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எதிரி நகரம் 20 கட்டம் தள்ளி இருக்கிறது. சமதளம் என்றால் உங்கள் வாரியர் போய்ச்சேர 10 டேர்ன் ஆகும். எதிரி நகரம் ஒரு டேர்னுக்கு 5 புரொடக்‌ஷன் கொடுக்கிறது. ஆன்லைன் வேகத்தில் அவர்களுக்கு நாலு டேர்னுக்கு ஒரு வாரியர். நீங்கள் நடந்து போய்ச்சேர்வதற்குள் ரெண்டு பேர் ரெடி, மூணாவது ஆள் பாதி ரெடி. மாரத்தானில் ஒரு வாரியருக்கு 24 டேர்ன் தேவை. நீங்கள் வாசலுக்கே வந்துவிட்டாலும் அங்கே ஒரு ஆள்கூட பாதி தயாராகியிருக்க மாட்டார்.

ஆக, மெதுவான ஆட்டம் படையெடுப்பவருக்குச் சாதகம். கையில் இருக்கும் ஆயுதம் பழசாவதற்குள் அதைப் பயன்படுத்த நிறைய டேர்ன் கிடைக்கும். வேகமான ஆட்டம் தற்காப்பவருக்குச் சாதகம். நீங்கள் வில்லாளிகளை அனுப்பி அவர்கள் போய்ச்சேரும்போது, எதிரி மதில் சுவரே கட்டி முடித்திருக்கலாம். மாரத்தானில் ஒரு வீரரை இழந்தால் வலி அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். அவருக்கு மாற்று ஆள் வருவதற்குள் யுகமே ஆகிவிடும்.

மேப் பெரிசானால் இடமும் அதிகமாகுமா?

'ஹியூஜ் மேப் போட்டா நிறைய இடம் கிடைக்கும்' என்று நினைத்தால், அது பாதி உண்மைதான். கணக்கைப் பாருங்கள்.

* டூயல்: 44×26 கட்டம், 2 நாடுகள்
* டைனி: 60×38 கட்டம், 4 நாடுகள்
* ஸ்மால்: 74×46 கட்டம், 6 நாடுகள்
* ஸ்டாண்டர்டு: 84×54 கட்டம், 8 நாடுகள்
* லார்ஜ்: 96×60 கட்டம், 10 நாடுகள்
* ஹியூஜ்: 106×66 கட்டம், 12 நாடுகள்

டூயல் மேப்பில் மொத்தம் 1,144 கட்டம். இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 572. ஹியூஜ் மேப்பில் 6,996 கட்டம். பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டால் 583. கடல், மலை எல்லாம் சேர்த்து ஆளுக்குக் கிடைக்கும் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்! நிஜமாகவே கூடுதல் இடம் வேண்டுமானால், மேப்பைப் பெரிசாக்கிவிட்டு நாடுகளின் எண்ணிக்கையை நீங்களே குறைக்க வேண்டும்.

பெரிய மேப்பில் உண்மையில் கூடுவது தூரமும் எதிரிகளும்தான். எல்லா நாடுகளின் தலைநகரங்களையும் பிடித்து ஜெயிப்பதாக இருந்தால், டூயலில் ஒரு தலைநகரம் போதும், ஹியூஜில் பதினொன்று. மதத்தைப் பரப்பி ஜெயிப்பதும் அப்படியே. ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட நகரங்கள் உங்கள் மதத்துக்கு வர வேண்டும். விண்வெளிக்குப் போய் ஜெயிக்க நினைப்பவருக்கு மட்டும் எதிரிகள் எத்தனை பேர் என்பது அவ்வளவு பெரிய தலைவலி இல்லை.

உங்கள் போனுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் டேர்னை முடித்ததும் மற்ற நாடுகளின் ஒவ்வொரு நகர்வையும் பிராசஸர் கணக்கிட வேண்டும். நாடுகள் கூடக் கூட காத்திருக்கும் நேரமும் கூடும், போன் சூடாகும், சார்ஜ் இறங்கும்.

ரெண்டையும் சேர்த்தால்?

*சின்ன மேப் + வேகம்:* ஒரு லீவு நாளில் முடித்துவிடலாம். நண்பர்களோடு ஆடவும், புதிதாகக் கற்றுக்கொள்ளவும் இதுதான் பெஸ்ட்.

*பெரிய மேப் + வேகம்:* சண்டைப் பிரியர்களுக்கு ஏமாற்றம். ஹியூஜ் மேப்பில் பாதி உலகத்தைக் கடக்க வாரியருக்கு சுமார் 27 டேர்ன். 250 டேர்ன் ஆட்டத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அமைதியாக ஊரை வளர்ப்பவர்களுக்கு ஓகே.

*சின்ன மேப் + மெதுவு:* ஆரம்பத்திலேயே சண்டை வெடிக்கும். முதல் அடியில் தோற்றால் எழுந்து நிற்பது கஷ்டம்.

*பெரிய மேப் + மெதுவு:* அதே 27 டேர்ன், 1500-ல் இரண்டு சதவிகிதம்கூட இல்லை. போர், உளவு, கண்டுபிடிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆரம்ப டேர்ன்களில் பாதி நேரம் 'நெக்ஸ்ட் டேர்ன்' தட்டுவதே வேலையாக இருக்கும்.

பஸ்ஸில் ஆட என்ன வழி?

'பாலிட்டோபியா'வில் ஸ்பீடு ஆப்ஷன் கிடையாது. அங்கே மேப் சைஸ்தான் எல்லாம். மிகச் சின்ன மேப் 11×11, அதாவது 121 கட்டம். மிகப் பெரியது 30×30, 900 கட்டம். அதன் பெர்ஃபெக்‌ஷன் மோடு 30 டேர்னில் முடிந்துவிடும். வாரியர் ஒரு டேர்னுக்கு ஒரு கட்டம்தான் நகர்வார் என்பதால், சின்ன மேப்பைக் கடக்கவே 10 டேர்ன், அதாவது ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எங்கே போகிறோம் என்று முதல் டேர்னிலேயே முடிவு செய்தாக வேண்டும். சிவிலைசேஷன் 5 பாணியில் இலவசமாக ஆட ஆசைப்பட்டால் ஆண்ட்ராய்டில் 'யுன்சிவ்' இருக்கிறது. அதிலும் ஸ்பீடு, மேப் சைஸ் இரண்டையும் மாற்றலாம்.

கடைசியாக ஒரு டிப்ஸ்

இந்த கேம்களில் 'இன்னும் ஒரே ஒரு டேர்ன்' என்று சொல்லியே விடிந்துவிடும். அதனால் செட்டிங்ஸைத் திறக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். நாளை பரீட்சையா, காலை ஷிஃப்ட்டா? அப்படியென்றால் சின்ன மேப், வேகமான ஸ்பீடு. அப்போதும் எத்தனையாவது டேர்னில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் லீவு கையில் இருக்கும்போது எபிக் பக்கம் போகலாம். பாதியில் நிற்கும் ஐந்து மாரத்தான் சேவ் ஃபைல்களைவிட, கடைசி டேர்ன் வரை ஆடி முடித்த ஒரு சின்ன ஆட்டம் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்!