சோர்ந்த இருதயமும் துணைப் பம்பியும்

பெருந்தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டமொன்று 1872இலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததோ 1924இல். ஊவா மலைகளில் நோயாளி ஒருவர் பெரிய வைத்தியசாலையை அடைவதற்குள்ள தூரம் எத்தகையது என்பதை இவ்விரு ஆண்டுகளே உணர்த்தும்.

இருதயம் சோர்வதற்கான காரணங்கள் தோட்டங்களுக்குப் புதியனவல்ல. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொளுக்கிப் புழுவை எதிர்க்கும் பணியைத் தொடங்கினர். அப்புழு குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்ச, சோகை மிகும். அதனை ஈடுசெய்ய இருதயம் மிகையாக உழைக்கும். நெடுநாள் அவ்வாறு உழைத்த இருதயம் பருத்துத் தளரும். வாதக்காய்ச்சலும் அத்தகையதே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கி வாழுமிடத்துத் தொண்டைப்புண் எளிதிற் பரவும். அதன் பின்விளைவாக வரும் காய்ச்சல் இருதய வால்வுகளைச் சிதைக்கும். பெனிசிலின் ஊசியை மாதந்தோறும் தவறாது இட்டுவந்தால் அது மீண்டும் வாராது தடுக்கலாம்.

தடுக்கத் தவறிய இடத்திலேயே இயந்திரத்தின் வரலாறு தொடங்குகிறது. 1953இல் கிப்பன் என்னும் சத்திரவைத்தியர் இருதயம், நுரையீரல் ஆகிய இரண்டின் வேலையையும் சிறிது நேரம் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து வெற்றி கண்டார். 1966இல் ஹியூஸ்டன் நகரில் டிபேக்கி பொருத்திய துணைப் பம்பி ஒரு பெண்மணியைப் பத்து நாள் தாங்கியது. அவர் நலமுற்று வீடு திரும்பினார். 1982இல் பார்னி கிளார்க் முழுச் செயற்கை இருதயத்துடன் 112 நாள் வாழ்ந்தார். ஆயினும் துணைப் பம்பியின் பயன் ஐயமற நிறுவப்பட்டது 2001இலேயே. மாற்று இருதயம் பெறத் தகுதியற்ற 129 பேரை ஆராய்ந்ததில், ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர் மருந்து மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 25. பம்பி பெற்றவருள் 52.

பின்னர் வந்த பம்பிகள் துடிப்பதில்லை, சுழல்கின்றன. அவற்றைத் தாங்கியோரிற் பலருக்குக் கையில் நாடி தென்படாது. நாடி பிடித்தே உயிர்நிலை அறிந்த நம் வைத்திய மரபினர் இதனைக் கண்டிருப்பின் என் சொல்லியிருப்பரோ! சென்னையில் வைத்தியர் கே. ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் இத்தகைய பம்பிகளைப் பொருத்தியுள்ளனர். இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இற் கண்டியில் நடைபெற்றது.

பம்பியைப் பொருத்துவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை என்பதே என் கருத்து. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் கம்பியில் நோய்க்கிருமி தொற்றாதபடி அவ்விடத்தைத் தூய்மையாகக் கட்டிவர வேண்டும். மின்கலங்களை நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்டு, அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்தல் வேண்டும். பம்பியின் விலையை யாரேனும் ஈந்தாலும், பொதுக் குழாயில் நீர் பிடித்து, மழைக்காலத்தில் மின்சாரம் அறுபடும் லயனில் வாழ்பவருக்கு இம்மூன்றில் எது எளிது? பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாட் பேர் இல்லாமற் போகும்.