இரைச்சல் இல்லாத ரேடியோ எங்கே போனது?

ஏறாவூரில் ரேடியோ என்றால் நம் மூத்தவர்களுக்கு இலங்கை வானொலியும் அதன் முஸ்லிம் சேவையும்தான். மத்திய அலையில் இரவானால் இரைச்சல் கூடும், வேறு நாட்டு நிலையங்கள் குறுக்கிடும். அதற்குள்ளே சொல்லைப் பிரித்தெடுக்க நம் காதுகள் பழகியிருந்தன.

2000 மார்ச்சில் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஏசியாஸ்டார் செய்மதி ஏவப்பட்டது. சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து இரைச்சலே இல்லாமல் ஒலி வந்தது. கேஎல் ரேடியோ என்ற தமிழ் அலைவரிசையும் அதில் இருந்தது.

ஆனால் இரைச்சல் இல்லாததெல்லாம் முழுமையான ஒலி அல்ல. ஒரு அலைவரிசைக்குச் செக்கனுக்கு 16 முதல் 128 கிலோபிட் வரையே ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு குறைந்தால் பேச்சு விளங்கும், இசை மங்கும். பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் குரல் மெலியும். செய்மதி ரேடியோவிலோ ஒரேயடியாக நின்றுவிடும்.

2008 இல் நிறுவனம் வங்குரோத்தானது. 2009 டிசம்பர் 31 உடன் இந்தியச் சேவை நின்றது. சந்தா கட்டியவர்களின் பெட்டிகள் ஊமையாகின.

1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மாவட்டம் நம்முடையது. ஒலி எவ்வளவு தெளிவு என்பதோடு, ஆபத்து வேளையில் யாருக்கு எட்டும் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பற்றரி ரேடியோவை எறிந்துவிடாதீர்கள்.