வல்லாளன் மகன்: புராணமும் வரலாற்றுப் புதினமும்

தமிழில் வரலாற்றுப் புதினங்களை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் ஒரே முறையைக் கையாளுகின்றனர். நூலில் வரும் மாந்தரை வரலாற்று மாந்தர், கற்பனை மாந்தர் என இருவகைப்படுத்திப் பட்டியலிடுவர். முன்னையோர்க்குக் கல்வெட்டுச் சான்று காட்டுவர். பின்னையோரை ஆசிரியரின் படைப்பாற்றலுக்குச் சான்றாக்கி முடிப்பர். முதுகலை மாணவர் ஆய்வேடுகளில் இம்முறை மிகுதி. பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை; ஆயின், அது முடியும் இடத்திலேயே ஆராய்ச்சி தொடங்குதல் வேண்டும். சான்று கிடைத்திருந்தும் ஆசிரியர் அதனை விலக்கிச் சென்ற இடங்கள் யாவை, விலக்கியது எதன்பொருட்டு என்பனவே உசாவத் தக்கன. பொன்னியின் செல்வன், விஷ்ணுபுரம், காவல் கோட்டம் ஆகிய மூன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் பயின்றபோது, திருவண்ணாமலையில் வழங்கும் வல்லாள மகாராசன் கதை இவ்வினாவிற்கு நல்லதோர் உரைகல்லாதல் புலப்பட்டது.

அக்கதை சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் விரித்துரைக்கப்பெறுவது. வல்லாளன் அண்ணாமலையை ஆண்ட அரசன், மகப்பேறு இல்லாதவன். இறைவன் சிவனடியார் வடிவில் வந்து பொதுமகள் ஒருத்தியை வேண்ட, அந்நாளில் ஒருத்தியும் கிடைத்திலள். வாக்குப் பிழையாமைப் பொருட்டு அரசன் தன் இளைய தேவியை அனுப்புகிறான். அவள் தீண்டிய அளவில் அடியார் பச்சிளங் குழந்தையாகிறார். அரசன் வாரியெடுக்க, குழந்தை மறைகிறது. இறைவன் தோன்றி, மகனாக இருந்து அவனுக்கு ஈமக்கடன் ஆற்றுவதாக அருளுகிறான். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் விழா இன்றும் நடைபெறுகின்றது. ஒரு கதை தாளில் நில்லாது ஊரார் நாட்காட்டியில் ஏறிவிட்டது என்பது சிறிய செய்தியன்று.

இனி வரலாறு கூறுவதைக் காண்போம். வல்லாளன் என்பான் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் (1291-1342). 1311-இல் மாலிக் காபூர் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டது. பின்னர் முகம்மது பின் துக்ளக் காலத்துப் படையெடுப்பாலும் அத்தலைநகர் சிதைந்தது. அதன்பின் அரசன் திருவண்ணாமலையைத் தன் தலைமையிடங்களுள் ஒன்றாகக் கொண்டான். கோயிலில் உள்ள வல்லாள கோபுரம் அவன் பெயர் தாங்கி நிற்கின்றது. மதுரைச் சுல்தான்களோடு இடையறாது பொருதவன், முதுமைப் பருவத்தில் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். கண்ணனூர் அவன் பாட்டன் சோமேசுவரன் தலைநகராகக் கொண்டிருந்த ஊர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வெற்றி கைக்கெட்டும் நிலையில் முற்றுகையிடப்பட்டோர் வேண்டிய போர்நிறுத்தத்திற்கு அவன் இசைந்தான். அவ்விடைவெளியில் சுல்தான் கியாசுதீன் தம்கானி எதிர்பாராது தாக்கி அவனைச் சிறைசெய்தான். பொருளையெல்லாம் பறித்தபின் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். அது அவ்வாறு தொங்கியதைத் தாம் கண்டதாக எழுதுபவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா. அவர் தம்கானியின் உறவினர். ஆதலின் பகைவர் கட்டிய பழியுரை என இச்செய்தியைத் தள்ள இயலாது.

வல்லாளன் மகப்பேறு அற்றவனும் அல்லன். அவன் மகன் விருபாட்சன், நான்காம் வல்லாளன் என்னும் பெயரொடு, தந்தைக்குப் பின் 1343-இல் முடிசூடினான். 1346 அளவில் அவனும் அவன் அரசும் வரலாற்றினின்று மறைகின்றனர். போசள மரபு அவனோடு முடிவெய்தியது.

மகனிருந்த அரசனைப் புராணம் மலடனாக்கியது ஏன்? புராணிகர் வரலாறு அறியார் எனக் கூறி அமைதல் எளிது. எனினும் அவ்விடை நிறைவளிக்கவில்லை. எரியூட்டப்பெறாது பகைவர் மதிலில் தொங்கிய உடல் அது. மகன் இருந்தும் அக்கடனை ஆற்ற இயன்றதாகத் தெரியவில்லை. மூன்றாண்டுகளில் மரபும் அற்றுப்போயிற்று. இம்மூன்றையும் சொல்லாமலே ஆற்றிவிட ஒரு வழியைக் கதை காண்கிறது. இயலாத மகனை நீக்கி, அவ்விடத்தில் தவறாத மகன் ஒருவனை வைக்கிறது. ஈமக்கடன் என்னும் பேச்சே கதையின் உயிர்நிலையாக இருத்தல் இக்கருத்தை வலியுறுத்தும். மதுரை மதிலைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் கூறவில்லை. கூறாமையே அதன் சான்று எனலாம்.

இவ்வுரைகல்லைக் கொண்டு கல்கியின் பொன்னியின் செல்வனை (1950-1954) நோக்குவோம். அந்நூலின் நடுவே நிற்பது ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அக்கொலைக்குரிய துரோகிகளின் நிலம் பறிமுதலான செய்தியைத் தருகின்றது. சோமன், பஞ்சவன் பிரமாதிராயனாகிய இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராயனாகிய பரமேசுவரன் என்போர் அதில் குறிக்கப்பெறுகின்றனர். பிரமாதிராயன் என்பது அரசு உயர் அலுவலர்க்கு வழங்கிய பட்டம். அவற்றுள் ஒன்று சோழ அரசே அளித்த பட்டமாதல் அதன் சொல்லாலேயே விளங்கும். கொலை நிகழ்ந்து, உத்தம சோழன் ஆட்சி முழுதும் கழிந்தபின்னரே இப்பறிமுதல் நிகழ்ந்ததாகக் காண்கிறோம். ஆதலின் நீலகண்ட சாத்திரியார் உத்தமன்மேல் ஐயங்கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

கல்கி என் செய்தார்? பட்டம் பெற்ற இரவிதாசனை மந்திரவாதி இரவிதாசனாக்கினார். சோழர் அலுவலகத்துள் இருந்திருக்கக்கூடிய சதி, காட்டிற் கூடும் பாண்டியன் ஆபத்துதவிகளின் சதியாயிற்று. அதனினும் வியப்புடையது உத்தமன் செய்தி. முடியாசை கொண்ட மதுராந்தகன் கண்டராதித்தர் மகனே அல்லன், பிறந்தபோது மாற்றி வைக்கப்பெற்றவன் என நூலின் இறுதியில் வெளிப்படுகின்றது. உண்மை மகனோ பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன். உத்தம சோழனாக முடிசூடுவோன் அவனே. ஐயத்திற்குரிய ஒரு வரலாற்று மனிதன் இருவராகப் பிளக்கப்படுகிறான். கறை ஒருவனோடு போகிறது, முடி மற்றவனுக்கு வருகிறது. அண்ணாமலைக் கதை மகனை மாற்றியது போலவே கல்கியும் மகனை மாற்றுகிறார். கதைச்சுவை கருதிய உத்தியென மட்டும் இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. சோழர் குடியின் தூய்மையைக் காக்கும் முயற்சி இதன்கண் உளது. விடுதலை பெற்ற சின்னாட்களில், தம் பழம் பெருமையை நாடிய வாசகர்க்குக் கிழமைதோறும் எழுதியவர் வேறு எவ்வாறு செய்திருப்பார் என்பதும் எண்ணத்தக்கதே. (பதினான்காம் லூயிக்கு இரட்டைப் பிறவி ஒருவனைப் படைத்த அலெக்சாந்தர் தூமாவையும், புலிகேசிக்கு நாகநந்தியைப் படைத்த சிவகாமியின் சபதத்தையும் ஒப்பிட்டால் இவ்வுத்தியின் தொன்மை விளங்கும்.) கொன்றவர் இன்னார் என ஐயமறக் கூறாது விட்டமை ஆசிரியரின் நேர்மைக்கு அறிகுறி; அவ்வோரிடத்தில் அவர் புராணிகரினும் வரலாற்றாசிரியரை அணுகி நிற்கிறார்.

சாண்டில்யனின் கடல் புறா முதலியவற்றைப் பற்றி ஈண்டு மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. அவற்றில் வரலாறு வீரத்திற்கும் காதலுக்கும் விரித்த கம்பளம். மறைக்கவேண்டிய கறை எதுவும் அவர் கண்ணிற் படுவதேயில்லை. கடற்பயண வருணனைகளுக்காக அவரைப் படிக்கலாம்.

செயமோகனின் விஷ்ணுபுரம் (1997) வேறு வகையினது. அதனை வரலாற்றுப் புதினம் எனல் ஆகாது. இல்லாத கோயில் நகரம் ஒன்றைப் படைத்துக்கொண்ட மிகுபுனைவு அது. ஆயினும் திருவண்ணாமலை வாசகர்க்கு அந்நகரம் அயலாகத் தோன்றாது. மூன்று பகுதிகளுள் இரண்டாவது, காலத்தால் முதலாவதனினும் முற்பட்டது. முற்பகுதியில் புராணமாகக் கேட்ட செய்தி பிற்பகுதியில் நிகழ்ச்சியாக வரும்போது, இரண்டிற்கும் உள்ள தொலைவைப் படிப்போர் தாமே அளந்துகொள்கின்றனர். கருவறைப் பெருந்திருமேனியைப் பழங்குடியினர் தம் பெருமூப்பனாகக் கொள்வதும் அவ்வகையதே. கல்கி கறையைத் துடைத்தார். செயமோகன் கறை துடைக்கப்படும் முறையையே கதைப்பொருளாக்கினார். வாதங்கள் அளவின்றி நீளுதலும், பெண்பாத்திரங்கள் பெரும்பாலும் ஆடவரின் வேட்கைக்கும் ஞானத்திற்கும் வழித்துணையாக நின்றுவிடுதலும் நூலின் குறைகள். எனினும் தலபுராணம் பயிலும் மாணவர் ஒருவர் இதனை ஒருமுறை படித்தபின் பழைய எளிமையோடு அருணாசல புராணத்தை அணுக இயலாது.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் (2008) வல்லாளன் வாழ்ந்த நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. மாலிக் காபூர் படையெடுப்பு முதல் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு மதுரை வரலாற்றை அது சொல்லுகின்றது. அரசர் வந்து போவர். காவலும் களவும் தொழிலாகக் கொண்ட மக்களே நிலைத்து நிற்பர். ஆவணச் செய்திகள் சிலவிடங்களில் கதையை நெரிக்கின்றன என்பது உண்மை. ஆயினும் மதுரை மதிலை உள்ளிருந்தும் வெளியிருந்தும் காணும் கண் இந்நூலுக்கு உண்டு. வல்லாளன் தோலைத் தாங்கிய அம்மதிலை எழுத இத்தகைய கண்ணே வேண்டும்.

வல்லாளன் வரலாற்றைப் புதினமாக்க விழைவோர்க்குக் கண்ணனூர்ப் போரைக் காட்டிலும் 1343-ஆம் ஆண்டே வளமானது. விருபாட்சன் முடிசூடுகிறான், போசளர்க்குரிய விருதுப்பெயர்கள் அனைத்தும் அவனுக்குச் சாற்றப்பெறுகின்றன, தந்தையின் உடலோ மதுரையிலிருந்து மீட்கப்பெறவில்லை. அம்மூன்றாண்டுகளில் அவன் யாது செய்தான் என்பதைப் புராணம் சொல்லாது. அவனுக்கு அதில் இடமே இல்லை.