சிறார் வழிபாடு

பிள்ளைகளுக்கு இறைவேண்டலைப் பழக்கும் முறைகளும் அவற்றை ஒட்டிய சடங்குகளும் சிறார் வழிபாடு எனப்படும். பல சமயங்கள் இதற்கு முதலில் வகுத்தது வயதைத்தான்.

இஸ்லாத்தில் ஏழு வயதில் தொழுகையைப் பழக்கவும், பத்து வயதிலும் தொழாவிட்டால் கண்டிக்கவும் நபிமொழி பணிக்கிறது. தொழுகை கடமையாவது பருவமடைந்த பிறகே. யூதரில் ஆண் பிள்ளை 13 வயதிலும் பெண் பிள்ளை 12 வயதிலும் சமயக் கட்டளைகளுக்குப் பொறுப்பாகிறார்கள். இந்து மரபில், உபநயனம் எனும் பூணூல் சடங்குக்கு அந்தணர்க்கு 8, அரசர்க்கு 11, வணிகர்க்கு 12 என்பது கிருஹ்ய சூத்திரங்களின் கணக்கு. காயத்ரியும் சந்தியாவந்தனமும் அதன் பின்புதான். நான்காம் வருணத்தாருக்கு அதில் இடமில்லை. கத்தோலிக்கரில், 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நற்கருணை பெற விவரம் தெரிந்த வயது என்று மட்டும் சொல்லிவைத்தது. அதைச் சாக்காக வைத்துப் பல இடங்களில் புதுநன்மை எனும் முதல் நற்கருணையைப் பத்து, பன்னிரண்டு வயதுக்கும் அப்பாலும் தள்ளிப்போட்டார்கள். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஏழு வயதை ஒட்டிய பருவமே போதும் என்று ஆணையிட்டார்.

வயதுக்கு அடுத்தது மனப்பாடம். ஓதும் பள்ளியில் பிள்ளைகள் அலிஃப், பே கற்றதும், குர்ஆனின் கடைசி ஜுஸுவிலுள்ள (பாகத்திலுள்ள) சிறிய சூராக்களை (அத்தியாயங்களை) மனனம் செய்வார்கள். பொருள் தெரியாமல் ஒப்பிப்பது வழிபாடாகுமா என்ற கேள்வி பல சமயங்களிலும் எழுந்ததுண்டு. வாய்க்கு முதலில் வரட்டும், பொருள் பின்னால் வரும் என்பதே நடைமுறை கண்ட விடை.

இதற்குத் தெளிவான பழைய சான்று முத்துக்குளித்துறையில் கிடைக்கிறது. 1542இல் அங்கு வந்த கத்தோலிக்க மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கித் தாமே நெட்டுருப் போட்டார். பிறகு கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பரதவப் பிள்ளைகளைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளிகள் பலர் கூப்பிட்டும் தாம் போக முடியாதபோது, செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பிவைத்தார். அவர்கள் வீட்டாரைக் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் செய்தார்கள். பெரியவர்கள் பழைய தெய்வங்களைக் கும்பிடுவதைப் பிள்ளைகளே தம்மிடம் வந்து சொன்னதையும், சிலைகளை உடைத்ததையும் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அந்தப் பெற்றோர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு மடலில் இடமில்லை.

பிற்காலத்தில் கேள்வி-பதில் வடிவம் மேலோங்கியது. லூத்தரின் சிறிய வினாவிடை நூல் 1529இல் வெளிவந்தது; காலை மாலைச் செபத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை அது குடும்பத் தலைவரின் பொறுப்பாக்கியது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், பாதிரிமார் கையாண்ட கருவியையே சைவத்துக்குத் திருப்பினார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதினார். சைவப் பிள்ளைகள் நீறணியும் முறையையும் கோயிலில் வணங்கும் முறையையும் வினாவுக்கு விடையாகக் கற்றார்கள். 1881இல் அமெரிக்கரான ஹென்றி ஆல்காட் பௌத்தத்துக்கும் ஒரு வினாவிடை நூல் எழுதினார்.

ஞாயிறு பள்ளியும் இப்படிச் சமயம் கடந்ததே. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரத்தின் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக.

இன்று இலங்கையில் பௌத்தப் பிள்ளைகளுக்குத் தஹம் பாடசாலை, இந்துக்களுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, முஸ்லிம்களுக்கு அஹதிய்யா ஆகிய நான்கும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே நடைபெறுகின்றன.