சிவிறி முதல் பிரஷர் வாஷர் வரை

கார் கழுவும் கருவி ஒன்று வரலாற்றுப் பேச்சுக்கு உரிய பொருளாகுமா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். அரசர் செய்த போர்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே வரலாறு என்று கொண்டால் அவ்வியப்பு நியாயமானதே. ஆனால், மனிதன் தன் கைக்கு எட்டிய பொருள்களை எவ்வாறு ஆண்டான், அவை அவனை எவ்வாறு ஆண்டன என்பதும் வரலாறேயாம். நீரும் அத்தகைய பொருள். அதை அழுத்திச் சிறு துளையின் வழியே பீறிட்டு வரச் செய்யும் கலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அக்கலையின் கடைக்குட்டியே இன்று கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும் பிரஷர் வாஷர்.

முதலில் அக்கருவியின் உள்ளே நிகழ்வதைக் காண்போம். மின்மோட்டார் ஒன்று சாய்வாகப் பொருத்திய ஒரு தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் சாய்வினால் அதன் எதிரே நிற்கும் மூன்று சிறு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னும் பின்னும் செல்கின்றன. பின்வாங்கும்போது நீர் உள்ளே வருகிறது. முன்னேறும்போது வெளியே தள்ளப்படுகிறது. வந்த வழியே நீர் திரும்பிவிடாதபடி வால்வுகள் காவல் நிற்கின்றன. இவ்வளவே அதன் உள்ளமைப்பு. இதில் மோட்டாரை நீக்கிவிட்டால் எஞ்சுவது கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே மனிதன் கண்டுபிடித்த ஒன்று.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் டெசிபியஸ் என்ற அறிஞர் வாழ்ந்தார். அவர் ஒரு நாவிதரின் மகன் என்று உரோமானியச் சிற்பநூலாசிரியர் விட்ருவியஸ் குறிப்பிடுகிறார். இரண்டு உருளைகள், அவற்றுள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன்கள், ஒருவழி திறக்கும் வால்வுகள் ஆகியவற்றைக் கொண்டு நீரை மேலே தள்ளும் வெண்கலப் பம்பு ஒன்றை டெசிபியஸ் அமைத்தார். நம் முன்னோரும் நீரை வீசும் கருவியை அறியாதவரல்லர். சிவிறி, துருத்தி என்னும் பழந்தமிழ்ச் சொற்களே அதற்குச் சான்று. எனினும் வால்வு அமைத்து இடைவிடாமல் நீரைத் தள்ளும் முறைக்கு அலெக்சாந்திரியாவின் பம்பையே முன்னோடியாகச் சொல்ல வேண்டும்.

நெடுங்காலம் இக்கருவியின் முதன்மையான பணிகளுள் ஒன்று தீயை அணைப்பதாக இருந்தது. வளையாத குழாயைக் கொண்டு எரியும் வீட்டின் உட்புறத்தை எட்டுவது அரிது. 1672-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஓவியர் யான் வான் டெர் ஹைடன் என்பவர், தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து, தோலால் வளையும் குழாய் செய்து பம்புடன் இணைத்தார். இன்று நாம் ஹோஸ் என்று வழங்கும் பொருளின் தொடக்கம் அதுவே. பம்பு எவ்வளவு வலியதாயினும், அதன் வலிமையை வேண்டிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது குழாய் என்னும் உண்மையை அவர் உணர்ந்திருந்தார். இதனை நினைவில் வையுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

கைத்தொழிலாளர் கண்ட உண்மைகளுக்குக் கணக்கு வகுத்துத் தந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டின் அறிஞர்கள். இத்தாலி நாட்டு டாரிசெல்லி, தொட்டியின் துளை வழியே வெளிப்படும் நீரின் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1644-இல் வெளியிட்டார். பிரான்சு நாட்டுப் பாஸ்கல், மூடிய பாத்திரத்தில் உள்ள நீரின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று விளக்கினார். அவர் 1662-இல் மறைந்தார். அவருடைய நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. அவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

இவ்விதிகளை நம் சிறு கருவிக்குப் பொருத்திப் பார்ப்போம். அதன்மேல் 100 பார் அழுத்தம் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி குழாயைவிட 7 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.7 பார். அப்படியானால் 100 பார் அழுத்தத்தைத் தொட்டியினால் பெற வேண்டுமாயின், அதனை 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானங்கள் பதினைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தொட்டியை அமைத்தது போலாகும்! டாரிசெல்லியின் கணக்குப்படி, அங்கிருந்து இறங்கும் நீர் துளையை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 140 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்படும். அழுக்கு அகல்வதில் வியப்பென்ன?

இவ்வளவு ஆற்றலை அளவின்றிப் பயன்படுத்தினால் நேர்வது யாது? இதற்கு வரலாறு ஒரு கசப்பான விடையை வைத்திருக்கிறது. 1853-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்டு மாட்டிசன் என்ற தங்கவேட்டைக்காரர், மலைமேலிருந்து நீரைக் கொணர்ந்து, குழாயின் நுனியைக் குறுக்கி, மண் குன்றின்மீது பாய்ச்சினார். குன்று கரைந்து விழுந்தது. மண்ணில் மறைந்திருந்த பொன் வெளிப்பட்டது. விரைவில் பீரங்கி போன்ற பெருங்குழாய்கள் மலைச்சரிவுகளை விழுங்கலாயின. கரைந்த மண்ணோ ஆறுகளில் இறங்கியது. யூபா ஆற்றின் படுகை மேடாயிற்று. வெள்ளம் கரை கடந்தது. கீழ்ப்புறத்து உழவர்களின் வயல்கள் சேற்றில் புதைந்தன. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1884-இல் நீதிபதி லாரன்சோ சாயர், மண்ணை ஆற்றில் தள்ளலாகாது என்று தடை விதித்தார். நீர் அதே நீர்தான். அளவு தவறிய இடத்தில் அது மலையையும் தின்றது, வயலையும் கெடுத்தது.

வண்டி கழுவும் வரலாறு மோட்டார் வண்டிகளோடு தொடங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் நீருக்கு அசையாது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிராங்க் ஓஃபெல்ட் என்பவர் நீராவியால் துப்புரவு செய்யும் ஹைப்பிரஷர் ஜென்னி என்ற பொறியை அமைத்தார். செருமனியில் ஆல்பிரெட் கார்ச்சர் என்ற பொறியாளர் 1935-இல் தொடங்கிய தொழிற்கூடம், 1950-இல் வெந்நீரை உயரழுத்தத்தில் பீய்ச்சும் பொறியை வெளியிட்டது. 1959-இல் அவர் மறைந்தபின் அவருடைய மனைவி ஐரீன் கார்ச்சர் அந்நிறுவனத்தைப் பல்லாண்டுகள் நடத்தினார். 1984-இல் அந்நிறுவனம் வீட்டார் தாமே தூக்கிச் செல்லத்தக்க சிறிய பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொழிற்சாலைப் பொறி வீட்டு முற்றத்திற்கு வந்த கதை இதுவே. பிறகு பலரும் அவ்வகைப் பொறிகளைச் செய்யவே, விலையும் குறைந்தது. விலையோடு குழாயின் தரமும் இணைப்புகளின் தரமும் குறைந்தன.

அத்தகைய மலிவுப் பொறி ஒன்றைப் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் என் பேரன் வாங்கி வந்தான். என் மகனுடைய பழைய காரைக் கழுவுவதற்காக. சில நாள்களில் அவனுக்கு அதில் நிறைவில்லை. "தாத்தா, இதன் மூக்கில் உள்ள துளையைச் சிறிதாக்கினால் அழுத்தம் கூடும் அல்லவா? கூட்டித் தாருங்கள்" என்றான். "கூட்டுவதற்கு முன் அளந்து பார்ப்போம்" என்றேன். நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

பத்து லிட்டர் வாளி ஒன்றையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டோம். மூக்கைக் கழற்றாமல், பீறிடும் நீரை வாளியில் பிடித்தோம். வாளி நிறைய 1 நிமிடம் 40 வினாடி ஆயிற்று. ஆகவே நிமிடத்திற்கு 6 லிட்டர். இதனை 100 பார் அழுத்தத்துடன் பெருக்கினால் நீருக்குச் சேரும் ஆற்றல் சரியாக 1,000 வாட். மோட்டார் மின்சாரத்தில் எடுப்பதோ இதனினும் மிகுதி; அதன் வல்லமை ஏறக்குறைய அவ்வளவே. இப்போது மூக்கின் துளை 1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை 0.9 ஆகக் குறைத்தால் அழுத்தம் ஒன்றரை மடங்காக உயர முயலும். மோட்டார் திணறும்; பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும்; அன்றேல் பம்பின் ரப்பர் வளையங்கள் கிழியும். மாறாக 1.2 ஆகப் பெருக்கினால், நீரின் அளவு ஏறத்தாழ மாறாமலே அழுத்தம் பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கும். காருக்கு அதுவே போதுமானது.

"மேம்படுத்துவது என்றால் கூட்டுவது இல்லையா?" என்று கேட்டான். இல்லை. பொருளைப் பயனுக்கு ஏற்றதாக்குவதே மேம்பாடு. அவனே தாளில் கணக்கிட்டுப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டான்.

பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் நான்கு. முதலாவது, பம்பினுள் நீர் புகும் வழி. மாடித் தொட்டியின் மெலிந்த அழுத்தத்தில் குறுகிய குழாய் போதிய நீர் தாராது. பம்பு காற்றை உறிஞ்சி அலறும். ஆகவே அகலமான குழாயையும், மணலைத் தடுக்கும் வலைவடிகட்டியையும் பொருத்தினோம். மோட்டாரை ஓடவிடுமுன் கைப்பிடியை அழுத்தி, காற்று முழுவதும் வெளியேறும்வரை நீரை ஓடவிட வேண்டும்.

இரண்டாவது, ஹோஸ். பொறியோடு வந்தது விறைத்த, குட்டையான பிளாஸ்டிக் குழாய். பொறியைக் காரைச் சுற்றி இழுத்துத் திரிய வேண்டியிருந்தது. உரிய அழுத்தத்தைத் தாங்கும் 10 மீட்டர் நெகிழ்குழாய் அமைத்தபின் பொறி நிழலில் ஓரிடத்தில் நின்றது. வான் டெர் ஹைடன் அன்று கண்ட உண்மை இதுவன்றோ? இங்கே ஓர் எச்சரிக்கை. பல குழாய் இணைப்புகளில் மரையின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டராக ஒத்திருந்தும், உள்ளே நுழையும் முனை சிலவற்றில் 14 மில்லிமீட்டராகவும் சிலவற்றில் 15 மில்லிமீட்டராகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாறிப் பொருத்தினால் நீர் கசியும். அளந்து வாங்குவதே முறை.

மூன்றாவது, மூக்கு. ஊசிபோல் நேரே பாயும் தாரையை விலக்கி, 40 பாகை விரிவில் விசிறிபோல் பரவும் பித்தளை மூக்கை அமைத்தோம். இவ்வகை மூக்குகளுக்கு நிற அடையாளம் உண்டு. விரிவே இல்லாதது சிவப்பு. 15 பாகை மஞ்சள். 25 பாகை பச்சை. 40 பாகை வெள்ளை. சிவப்பு மூக்கைக் கார் அருகே கொண்டுவரவே கூடாது.

நான்காவது, நுரைப்புட்டி. நீர் குறுகிய வழியில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது என்பது 1797-இல் இத்தாலியர் வெஞ்சூரி எழுதிய ஆய்வின் பொருள். அக்குறைவே புட்டியிலுள்ள சோப்புக் கரைசலை மேலே இழுக்கிறது. வலையினூடே காற்றும் கலந்து நுரையாகிறது. நுரையைச் சில நிமிடம் நிற்கவிட்டால் மணல் இளகும். அது காய்வதற்குள் மேலிருந்து கீழாகக் கழுவினால், துணியால் மணலைத் தேய்த்துப் பெயின்டில் கீறல் உண்டாக்கும் கேடு பெரிதும் குறைகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்கைக் காரிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் பிடிக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரை நெருங்கினால் ரப்பர் நலியும். பழுதுபார்த்துப் பூசிய பெயின்ட் உரிந்து போகும். மனிதர்மீதும் கால்நடைமீதும் விளையாட்டாகவும் திருப்பலாகாது. தாரை தோலைத் துளைத்து உட்புகுந்தால் வெளியே சிறு புள்ளியே தெரியும். உள்ளே விளையும் கேடோ விரலையே இழக்கச் செய்யலாம். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால், எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இன்றி இப்பொறியை இயக்கலாகாது.

நீரின் கணக்கையும் பார்த்துவிடுவோம். நிமிடத்திற்கு 20 லிட்டர் தரும் சாதாரணக் குழாயைக் கால்மணி நேரம் திறந்துவிட்டால் 300 லிட்டர் போகும். நம் பொறியைப் பத்து நிமிடம் இயக்கினால் 60 லிட்டர். மூன்று வாளி நீரும் துணியும் கொண்டு கழுவுபவர் 30 லிட்டரில் முடித்துவிடுவார். சிக்கனத்தில் வாளியை வெல்ல இன்னும் பொறி பிறக்கவில்லை! 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததையும், மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதையும் கண்டோம். அத்தகைய காலத்தில் கார் அழுக்காக இருப்பதே அழகு.

மாணவ நண்பர்களே, டெசிபியஸ் நீரைத் தள்ளக் கற்றுத்தந்தார். டாரிசெல்லியும் பாஸ்கலும் அதை அளக்கக் கற்றுத்தந்தனர். கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் தள்ளுவதை அறிந்தோர் பலர் இருந்தனர். எவ்வளவு தள்ளலாம் என்பதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் இருக்கும். இன்று மாலையே குழாயைத் திறந்து, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து குறித்து வையுங்கள். பிடித்த நீரைச் செடிக்கு ஊற்ற மறவாதீர்கள்.